மிஃராளும் தோட்டாவும்

தென்னாப்பிரிக்காவில் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர் நமக்கொரு வினா விடுத்திருந்தார். அந்நாட்டில் உரிய அனுமதி பெற்று வேட்டையாடுவது சட்டப்படி செல்லும். அவரிடம் உள்ளதோ 7 மில்லிமீட்டர் குழல் கொண்ட சிறு ரைஃபிள். தோட்டாக்களையும் கடையில் வாங்காமல் தாமே நிரப்பிக்கொள்கிறார். இதனைக் கொண்டு 200 கிலோவுக்கு மேற்பட்ட குடூ மானைச் சுடலாமா? நாம் ஓடிச்சென்று கத்தி வைப்பதற்குள் அது இறந்துவிட்டால் இறைச்சி ஹலாலாகுமா? இவையே அவருடைய ஐயங்கள்.

நாம் வாழும் தூத்துக்குடிப் பகுதிப் புதுக்கோட்டையில் இவ்வினாவுக்கே இடமில்லை. திருநெல்வேலிச் சாலையில் சற்றுச் சென்றால் வல்லநாட்டுக் குன்றுகள். அங்கே வெளிமான்களுக்கென 16.41 சதுர கிலோமீட்டரில் 1987இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அம்மானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. எனவே இங்கு அதன் மீது துப்பாக்கி நீட்டுவோர், எந்த மத்ஹபைப் பின்பற்றினும், குற்றவாளியே. ஆயினும் கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. அவர்கள் வீட்டுச் சட்டியில் வேகும் இறைச்சியைப் பற்றியது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அரபியில் 'புந்துக்' என்பது ஒருவகைச் சிறு கொட்டை. அவ்வடிவில் உருட்டி உலர்த்திய களிமண் உண்டைக்கு 'புந்துகா' எனப் பெயர் வந்தது. நம் முன்னோர் உண்டைவில்லில் வைத்தெறிந்ததும் இத்தகையதே. வெடிமருந்து வந்தபின் துப்பாக்கியே 'புந்துகிய்யா' ஆயிற்று. புந்துகாவால் இறந்தது அடிபட்டுச் செத்ததன் வகையைச் சாரும் என்று இப்னு உமர் (ரலி) அவர்களைத் தொட்டு அறிவிக்கப்படுவது களிமண் உண்டையைக் குறித்ததாகும். பெயர் ஒன்றாக இருப்பதால் அதனை அப்படியே ரைஃபிளுக்குப் பொருத்துவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

இந்த விவகாரத்தின் ஆணிவேர் அதீ இப்னு ஹாத்தம் (ரலி) அவர்களின் ஹதீஸில் இருக்கிறது. மிஃராள் எனும் இறகில்லாத எறிகோலைப் பற்றி அவர்கள் வினவியபோது, அதன் கூர் பட்டுத் துளைத்ததை உண்ணவும், குறுக்குவாட்டில் மோதிக் கொன்றதைத் தவிர்க்கவும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அல்மாயிதா அத்தியாயம் விலக்கும் 'மவ்கூதா', அதாவது அடிபட்டுச் செத்தது, இந்தப் பின்வகையே. ஆக, துளைத்ததா, நசுக்கியதா என்பதே கேள்வி.

ஈயக்குண்டு எந்த வகை? இங்கேதான் அறிஞர்கள் பிரிந்தனர். மாலிகி அறிஞர் தர்தீர் (மறைவு 1786), யமனின் ஷவ்கானீ (மறைவு 1834) ஆகியோர் அது துளைக்கிறது எனக் கண்டு அனுமதித்தனர். ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836), குண்டுக்குக் கூர் இல்லை, அது விசையாலும் எரிப்பாலுமே கொல்கிறது என்று மறுத்தார். கடற்கரை ஊர்களில் நம்மிடையே பெரிதும் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபில் இப்னு ஹஜர் ஹைத்தமீ (மறைவு 1567) இன்னும் கடுமையாகச் சென்றார். அறுப்பதற்குள் உயிரைப் போக்கிவிடுவதால், நெருப்பால் எறியப்படும் குண்டைக் கொண்டு வேட்டையாடுவதையே தடுத்தார். எனினும், பெரிய பறவையின் சிறகில் மட்டுமே பட்டு அதனை வீழ்த்தும் என்று அறிந்த தேர்ந்தவனுக்கு இடமளிக்கலாம் என ஒரு விலக்கையும் குறிப்பிட்டார். அந்த விலக்கைப் படிக்கும்போதெல்லாம், இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்தாரே என்று நாம் வியப்பதுண்டு.

இவர்கள் அறிந்திருந்த குண்டு உருண்டையானது. புகையற்ற வெடிமருந்து பிரான்சில் 1884இல் உருவானது. 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா 1890களில் வந்தது. நீண்டு மெலிந்து உலோக உறை போர்த்திய குண்டு இந்தக் காலத்தினது. கூர்முனைக் குண்டுகள் இராணுவங்களில் பரவியதும் இதனை ஒட்டியே. பிற்கால ஹனஃபி உலமாக்களில் சிலர் கூர்முனைக் குண்டை வேறுபடுத்திப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

சிறு குழலின் ஆற்றலைக் கணக்கிட்டே பார்க்கலாம். யானை வேட்டைக்குரிய .450 ரைஃபிளின் குண்டு ஏறத்தாழ 31 கிராம். 7 மில்லிமீட்டர் ரைஃபிளின் கனத்த குண்டு 11 கிராம் சொச்சம். முன்னதன் விசையாற்றல் 6,600 ஜூல் அளவு, பின்னதற்கு 2,700தான். ஆனால் எடையைக் குண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே சிறு குண்டும் ஆழத் துளைக்கும். அது ஏற்படுத்தும் புண் மட்டும் குறுகியது. ஸ்காட்லாந்துக்காரர் பெல் (மறைவு 1954) ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார்; அவற்றில் பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் ரைஃபிளுக்கே வீழ்ந்தன. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர் அவர். தந்தத்துக்காக நடந்த அக்கொலைகளை நாம் புகழவில்லை. ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926இல் வீழ்த்தியதும் இவ்வகை .275 ரைஃபிளால்தான்.

இவர்களைக் காட்டி, 'சிறு குழலே போதும்' என்று நம் மாணவர் எழுதியிருந்தார். அங்கேதான் நாம் உடன்படவில்லை. பெல்லின் கையும் கண்ணும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. குறி நான்கு விரற்கடை தவறினால் கனத்த குண்டு தாங்கிக்கொள்ளலாம். சிறு குண்டு தாங்காது. விலங்கு குடல் கிழிந்து புதருக்குள் ஓடி இரவெல்லாம் துடித்துச் சாகும். கொல்லும்போதும் அதனைச் செம்மையாகச் செய்யப் பணிக்கும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் வேட்டைக்கு விலக்கன்று. எருமை, யானை போன்றவற்றுக்கு .375க்குக் குறைந்த குழலை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சட்டமே தடுக்கிறது.

தாமே தோட்டா நிரப்புவதில் நமக்கு மனத்தடை இல்லை. நம் நாட்டில் இதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வாய்வழி மருந்திட்டுத் தக்கை வைத்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்காரர் நெடுங்காலமாகச் செய்துவந்ததும் இதுவே. இன்று சுட்ட பித்தளை உறையைச் சீர்ப்படுத்தி, அடியில் புதிய கேப் பொருத்தி, மருந்தை நிறுத்திட்டு, குண்டை அழுத்துகின்றனர். நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம். அதிலும் பத்திலொரு பங்கு வரை பார்ப்பார்கள். மஞ்சாடியில் முத்து நிறுத்த இக்கரையார்க்கு அந்தப் பொறுமை புதிதன்று. மருந்து மிகுந்தால் துப்பாக்கி வெடித்து முகத்தைச் சிதைக்கும். மிகக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த சூடு ஆளைக் கொல்லும். ஒரே அளவாக நிரப்பினால் குறி பிசகாது. விலங்குக்கேற்ற குண்டையும் தேரலாம். இதனால் துடிப்பு குறையுமாயின் அது விரும்பத்தக்கதே.

நாம் எழுதிய விடை இது: பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுக. உயிருடன் எட்டினால் உடனே அறுத்துவிடுக. அதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எட்டுமுன் இறந்தால், துளைத்த குண்டால் இறந்ததை அனுமதித்தோரின் சான்று நமக்கு வலுவாகத் தெரிகிறது. ஆனால் மத்ஹபின் பழைய நிலையைப் பேணும் விருந்தினர்க்கு, சொல்லாமல் அதனைப் பரிமாற வேண்டாம். குடூவுக்கு 7 மில்லிமீட்டர் போதும். தொலைவு நூறு கஜத்துக்குள் இருக்கட்டும். அவர் பதில் எழுதினார்: இப்போது இடுப்பில் கத்தியுடன், ஓடக்கூடிய ஓர் இளைஞனையும் உடன் அழைத்துச் செல்கிறாராம்.