மிஸ்டு காலில் ஓடிய செய்தி நிலையம்

ஊரின் ஒரே அடிபம்பு பழுதாகி மாதக்கணக்கில் கிடக்கிறது. நூறு நாள் வேலைக்கான கூலி வந்து சேரவில்லை. மனு எழுதத் தெரியாத, ஆட்சியர் அலுவலகம் போய்வரக் கையில் காசில்லாத ஒருவர் இதை யாரிடம் சொல்வார்? இதற்குச் சாதாரண பட்டன் போனிலேயே வழி கண்டது ‘சிஜிநெட் ஸ்வரா’. முன்னாள் பிபிசி செய்தியாளர் சுப்ரான்ஷு சௌத்ரி, சத்தீஸ்கர் பழங்குடி மக்களை மனத்தில் கொண்டு 2010-ல் தொடங்கிய குரல்வழிச் செய்தி சேவை இது.

எப்படி இயங்கியது?

குறிப்பிட்ட எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணினி திருப்பி அழைக்கும், பேசுபவருக்குச் செலவில்லை. 1-ஐ அழுத்தினால் செய்தியைப் பதியலாம். 2-ஐ அழுத்தினால் மற்றவர்கள் பதிந்ததைக் கேட்கலாம். இணையமும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். பதிந்ததெல்லாம் அப்படியே வெளியாகிவிடாது. நெறியாளர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். புகார் என்றால் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணும் உடன் வரும். கேட்டவர்கள் எந்த ஊரிலிருந்தும் அவரை அழைத்து, வேலை என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். பிரச்சினை தீர்ந்தால் அதுவும் பதிவாகும்.

வானொலி போதாதா?

சமுதாய வானொலி நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. மொழியும் ஒரு தடை. தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த கோண்டியை, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதிப் பேரே பேசும் போடோ மொழி, மொழிகளைப் பட்டியலிடும் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கிறது, கோண்டி இல்லை. அதிகாரிக்குப் பெரும்பாலும் கோண்டி புரியாது, கோண்டி மட்டுமே தெரிந்தவருக்கு அரசு அறிவிப்பு புரியாது.

மொழிக்கு என்ன பயன்?

செய்திக்காகத் திரண்ட கோண்டி பேசுவோரின் வட்டம் பிறகு மொழிப் பணிக்கும் உதவியது. பல மாநில கோண்டி வழக்குகளை ஒன்றுசேர்க்கும் முயற்சியிலும், குழந்தைக் கதைகளை கோண்டிக்குக் கொண்டுவரும் பணியிலும் அவர்கள் பங்கெடுத்தார்கள். சிக்னல் எட்டாத ஊர்களுக்கு, ஒலிப்பதிவுகள் புளூடூத் வழியே போனுக்குப் போன் கைமாறின.

எங்கே இடறும்?

சிக்னல் பிரச்சினையைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் புகார் சொன்னவர் மிரட்டப்படலாம். நெறியாளருக்குச் சம்பளம் தர நன்கொடை வற்றலாம். கணினிக்கு ஆகும் செலவு குறைவு. கேட்டு, சரிபார்த்து, பின்தொடரும் ஆட்களுக்கே பெரும்பணம் ஆகும். கைபேசி வழியே மக்கள் குறை தீர்க்கத் திட்டமிடுபவர்கள், செயலிக்கு ஒதுக்கும் முன் அந்த ஆட்களுக்கு ஒதுக்க வேண்டும்.