உஷார்! 'கரடுதானே' என்று கிளம்பிவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆறு பேருக்கு ரெண்டே ரெண்டு தண்ணீர் பாட்டிலோடு, ரப்பர் செருப்பு சரசரக்க சங்ககிரிக் கோட்டை மேல் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது. ஏறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சேலம், நாமக்கல்காரர்கள் ஆயுசில் ஒரு தடவையாவது ஏறியே ஆகவேண்டிய மலை அது. ஏறுகிற நேரமும் லட்சணமும்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நம் பக்கத்துச் சிக்கலே இதுதான். கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை, போதமலை, நைனாமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை. டீக்கடையில் நின்றாலே உச்சி தெரிகிறது. கொடைக்கானல் போகிறவன் ஸ்வெட்டரிலிருந்து தலைவலி மாத்திரை வரை எடுத்துவைக்கிறான். அதே ஆள் உள்ளூர் கரட்டுக்குக் கிளம்பும்போது செல்போனை மட்டும் சார்ஜ் போட்டுக்கொள்கிறான். போன வாரம் பார்த்த ரீல்ஸ்தான் அவனுக்கு வழிகாட்டி. அந்த ரீல்ஸை எடுத்தவர் மார்கழிக் காலையில் எடுத்திருப்பார். இவன் பங்குனி மத்தியானத்தில் ஏறுகிறான்.

சங்ககிரியையே எடுத்துக்கொள்வோம். விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு திப்பு சுல்தானிடம் இருந்து, கடைசியில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட இடம் இதுதான். வாசலுக்கு மேல் வாசலாகத் தாண்டி ஏறவேண்டும். ஏற ஏற மரம் குறைந்து முள்ளும் பாறையும்தான் மிஞ்சும். பங்குனி, சித்திரையில் சமவெளியிலேயே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. பாறை அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு கீழிருந்து திருப்பி அடிக்கும். கூட வந்தவருக்குப் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது களைப்பு இல்லை, வெயில் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணியை நனைத்து உடம்பெல்லாம் ஒற்றி, விசிறிவிட்டு, 108-க்கு அடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரட்டாசி சனிக்கிழமை நைனாமலைப் படியேறும் பாட்டிகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருட்டோடு ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுகிறார்கள்.

கோட்டை மதில் இன்னொரு ஆபத்து. கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்து, வேர் பருத்து, கல்லை மெல்ல மெல்ல வெளியே தள்ளியிருக்கும். பார்வைக்கு மதில் அசையாமல்தான் நிற்கும். போட்டோவுக்காக விளிம்பில் கால் வைத்த பிறகுதான் கல் ஆடுவது தெரியும். சுனைகளும் அப்படித்தான். மேலே பச்சைப் பாசி, ஓரமெல்லாம் வழுக்கல், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே செல்லாது, ஏறிவரப் பிடிமானம் இருக்காது. சுவரில் பேர் கீறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சங்ககிரியும் நாமக்கல் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காதலிக்கு அத்தனை செலவில் வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்.

மதில் அடியிலும் பாறை நெற்றியிலும் மலைத்தேனீ கூடு தொங்கினால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். புகை, கல், சென்ட் வாசனை எதுவும் அதற்கு ஆகாது. கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடவேண்டும். சுனையில் குதித்தால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தலையைத் தூக்கும் வரை மேலேயே சுற்றும்.

வழி தவறுவது எப்படி என்று கஞ்சமலை மாதிரி இடத்தில் நின்று பார்த்தால் புரியும். புதருக்குள் ஒரு ஒற்றையடித் தடம் போகும். நூறு அடியில் அது மூன்றாகப் பிரியும். மூன்றிலும் ஆட்டுப் புழுக்கை, மூன்றிலும் குளம்புத் தடம். ஆட்டுக்கு எல்லாம் வழிதான். நமக்குச் சூரைமுள் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் இது வழியில்லை என்று தெரியும். போதாக்குறைக்கு அந்த மலையில் இருப்பது காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது. போனில் இருக்கும் திசைகாட்டியை அங்கே முழுசாக நம்ப முடியாது. அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரிடம், "அண்ணா, இந்தத் தடம் எங்க போய்ச் சேரும்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கொல்லிமலையில் பயம் வெயிலால் இல்லை, தண்ணீரால். ஆகாயகங்கையில் விழும் தண்ணீர்தான் ஐயாறாகப் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. கீழே வானம் வெளுத்துக் கிடக்கும்; மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும். ஓடைத்தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் கரையேறிவிடுங்கள். மலை மண்ணையும் நம்ப முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தார் ரோட்டுக்கே அந்தக் கதி என்றால் காட்டுத்தடத்துக்கு?

ஏற்காடு பக்கம் பனிமூட்டத்தில் ஒற்றைக் காட்டுமாடு எதிர்ப்பட்டால் போனை எடுக்காமல் பின்வாங்குங்கள். பாறை இடுக்கில் கை வைக்குமுன் கண்ணை வையுங்கள், சுருட்டை விரியனுக்கு அதுதான் வீடு. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயப்படவேண்டியது தீ. 2018 மார்ச் 11. தேனி குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு மலையேற்றக் குழு, நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குழு. காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்து, 23 பேர் போய்விட்டார்கள். போன தடத்துக்கு அனுமதி இல்லை என்று பிறகுதான் பேச்சு வந்தது. நம் மலைச் சரிவுகளிலும் மாசி பிறந்தால் உன்னிப்புதரும் போதைப்புல்லும் காய்ந்து சருகாகக் கிடக்கின்றன. போதைப்புல்லில் எண்ணெய் வேறு. ஒரு பீடித்துண்டு போதும். இந்தக் காட்டுக்குள் அடுப்பு மூட்டிப் பிரியாணி கிண்டுகிற கூட்டம் இருக்கிறது பாருங்கள், அவர்களுக்கு எதைச் சொல்வது! காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் வருஷத்து வனச்சட்டத்திலேயே குற்றம்.

தீயைப் பார்த்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள். சரிவில் தீ நம்மைவிட வேகமாக மேலே ஏறும். பக்கவாட்டில் ஒதுங்கி, வெறும் பாறை அல்லது ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் பார்த்துப் போங்கள். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி போட்டுக்கொண்டு போவது நல்லது.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற அரசுத் திட்டம் வந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். அவர்களில் பலர் மலைக்கிராமத்து இளைஞர்கள், காட்டைத் தெரிந்தவர்கள். இத்தனை இருந்தும் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஒன் டே டிரெக், சாப்பாடு உட்பட' என்று வசூல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டுங்க." சீட்டு வந்தால் சரி. "ஃபாரஸ்ட்ல நம்ம ஆளு இருக்காருங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே தூங்குங்கள்.