மூச்சு விடத் தெரியுமா பாஸ்?

'பொறந்ததிலிருந்து அதைத்தானே பண்றோம்'னு முறைக்காதீங்க. சின்னதா ஒரு டெஸ்ட். ஒரு கையை நெஞ்சு மேலயும், இன்னொரு கையை வயித்து மேலயும் வெச்சு, வழக்கம்போல மூச்சு விடுங்க. எந்தக் கை அதிகமா ஏறி இறங்குது? நெஞ்சுக் கைதான்னா, தொடர்ந்து படிங்க.

வைவாவுக்கு உங்க நம்பர் வர்ற நேரம். திடீர்னு காத்து பத்தலை. வாயைத் திறந்து இழுக்கறீங்க... இன்னும் பத்தலை. விரல் நுனி மரத்துப்போகுது, தலை கிறுகிறுக்குது. 'ஹார்ட் அட்டாக்'னு பதறி ஓடினா, ஈ.சி.ஜி. நார்மல்! 'ஒண்ணுமில்ல தம்பி, டென்ஷன்'னு அனுப்பிடறாங்க. ஒண்ணுமில்லேன்னா, அடுத்த வாரமும் ஏன் வருது?

அந்த நேரத்துல உங்களுக்குக் குறையறது ஆக்சிஜன் இல்லை. கார்பன் டை ஆக்சைடு! தேவைக்கு மேல மூச்சு வாங்கினா அது அளவுக்கு மீறி வெளியேறிடும். மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பு அதனாலதான். பயந்துபோய் இன்னும் இழுத்தா, இன்னும் மோசம்.

இங்கேதான் பிசியோதெரபிஸ்ட் என்ட்ரி. (முட்டிவலிக்கு மட்டும்தான் அவர்னு யார் சொன்னது?) இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்கள் 1960களிலேயே இதுக்குன்னு ஒரு பயிற்சி முறையை உருவாக்கினாங்க. ஆஸ்துமா, ரத்தசோகை, இதயக் கோளாறு எதுவும் இல்லைன்னு டாக்டர் முதல்ல பார்த்துச் சொல்லணும். அப்புறம் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பேர்ல இருக்கற 16 கேள்விகள். 64க்கு 23ஐத் தாண்டினா சந்தேக கேஸ். மார்க் குறைஞ்சா பார்ட்டி வைக்கலாம்கிற ஒரே பரீட்சை!

பயிற்சி எப்படி? மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, வாயை மூடி, மூக்கு வழியா மெதுவா... வயிறு எழும்பணும், தோள் அசையக்கூடாது. வெளியே விடறது இன்னும் நிதானமா. 'நல்லா ஆழமா இழு'ன்னு நம்ம வீட்டுல சொல்ற வைத்தியத்துக்கு நேர் எதிர். கொஞ்சமா இழுக்கச் சொல்றாங்க! முதல் சில நாள் மூச்சு முட்டற மாதிரியே இருக்கும். குறைஞ்ச கார்பன் டை ஆக்சைடுக்கே உடம்பு பழகிப்போனதால, சரியான அளவு வந்தாலும் அலாரம் அடிக்கும். பாதிப் பேர் விட்டுட்டு ஓட நினைக்கற கட்டம் இதுதான். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து பொறுமையா சொல்லித் தரணும்கறதே இதுக்காகத்தான். படுத்துப் பழகினதும் உட்கார்ந்து, பேசிக்கிட்டு, கடைசியா மாடிப்படி ஏறிக்கிட்டு. சில வாரங்கள், தினமும்.

2007ல் ஆஸ்துமா உள்ள 85 பேரிடம் பாப்வொர்த் முறையைச் சோதிச்சாங்க. கத்துக்கிட்டவங்களுக்கு மூச்சுத் தொந்தரவும் பதற்றமும் குறைஞ்சது. நுரையீரலின் திறன் மட்டும் மாறலை. அதனால ஆஸ்துமா பார்ட்டிங்க இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சினிமாவுல காட்டற பேப்பர் பை டெக்னிக்கும் வேண்டாம், ஆபத்து.

அப்புறம், தொப்பை தெரியக்கூடாதுன்னு நாள் முழுக்க வயித்தை எக்கிக்கிட்டே கேம்பஸ்ல நடக்கறீங்களே... பிசியோதெரபிஸ்ட் முதல்ல உங்க பெல்ட்டைத்தான் ஒரு ஓட்டை தளர்த்தச் சொல்வார்!