வலிமைக்கு எத்தனை புள்ளி?

மனிதரின் ஆற்றலை எண்ணால் அளந்துவிட முடியுமா? பரீட்சைப் புள்ளிகளோடும் இஸட் புள்ளிகளோடும் வாழும் நமக்கு இது புதிய கேள்வியல்ல. இக்கேள்விக்கு ஒருவகை விளையாட்டு எவ்வாறு விடை தேடியது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வதுதான் இவ்விளையாட்டு. "நான் அந்த மதிலில் ஏறுகிறேன்" என்று ஒருவர் சொல்வார். ஏற முடிந்ததா, விழுந்தாரா என்பதை எப்படித் தீர்மானிப்பது? அதற்காகவே எண்களும் தாயக்கட்டைகளும் வருகின்றன. என் நானா கொண்டுவந்த விதிநூலில் என்னைக் கவர்ந்ததும் இப்பகுதியே.

தாயக்கட்டை என்றதும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பணயம் இல்லாவிட்டாலும் அதனை உருட்டி ஆடுவதையே தவிர்க்க வேண்டும் எனக் கூறும் மார்க்க அறிஞர்கள் பலர் உள்ளனர். ஆகவே, ஆட வாருங்கள் என்று நான் எவரையும் அழைக்கவில்லை. இதிலுள்ள கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு ஆற்றல்கள் உண்டு. வலிமை, லாவகம், தாங்குதிறன் ஆகிய மூன்றும் உடலைச் சார்ந்தவை. புத்திக்கூர்மை, விவேகம், பிறரைக் கவரும் ஆளுமை என்பன ஏனைய மூன்று. தொடக்ககால விதிப்படி மூன்று தாயக்கட்டைகளை உருட்டி, வரும் எண்களைக் கூட்டினால் ஓர் ஆற்றலின் புள்ளி கிடைக்கும். ஆகக் குறைந்தது 3, ஆகக் கூடியது 18. நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மொத்தம் 216 வழிகளில் 18 வருவது ஒரேயொரு வழியில்தான். 10 அல்லது 11 வருவதோ 54 வழிகளில். நம்மிற் பெரும்பாலோரைப் போலவே, பாத்திரங்களிற் பெரும்பாலானவையும் நடுத்தரமானவையே.

ஆனால் பிறவியில் வாய்த்த ஆற்றல் வேறு, பழகிப் பெற்ற திறன் வேறு. 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறது. வலிமை 16 உள்ளவருக்கு +3 கிடைக்கும். வலிமை 12 உள்ளவருக்கு +1 மட்டுமே. எனினும், இரண்டாமவர் பயிற்சி பெற்றவராயின் தொடக்கத்திலேயே இன்னுமொரு +2 சேரும். பயிற்சியற்ற பலசாலியை அவர் அப்போதே சமன் செய்துவிடுகிறார். அனுபவம் முதிர முதிர அந்தப் பயிற்சிப் புள்ளி +6 வரை உயரும். மதிலேற 15 தேவை எனக் கொள்வோம். இருபது முகத் தாயக்கட்டையை உருட்டி, வரும் எண்ணோடு இப்புள்ளிகளைக் கூட்ட வேண்டும். பயிற்சியற்ற பலசாலி வெல்லும் வாய்ப்பு 45 சதவீதம். வலிமை 12 ஆகவே இருந்தாலும், முதிர்ந்த பயிற்சியுடையவரின் வாய்ப்பு 65 சதவீதம்.

1978 இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற விளையாட்டு இன்னுமொரு படி மேலே சென்றது. அதில் ஒரு திறனைப் பயன்படுத்தி வெற்றி கண்டால்தான் அத்திறன் வளர வாய்ப்புக் கிடைக்கும். திறன் கூடக்கூட மேலும் வளர்வது கடினமாகும். 40 புள்ளி எடுப்பவர் 60 க்கு வருவதையும், 90 எடுப்பவர் 95 க்கு வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இவ்வெண்களுக்குக் குறைகளும் உண்டு. குண்டெறிதலில் முதலிடம் பெறுபவர் உயரம் பாய்தலிலும் முதலிடம் பெறுவார் என்பதில்லை. 'வலிமை' என்ற ஒரே எண்ணோ கையையும் காலையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. இதே டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 1978 விதிநூல், வலிமை 18 பெற்ற வீரர்களை மேலும் நூறு படிகளாகப் பிரித்தது. மனித இனத்து ஆண் நூறாவது படி வரை செல்லலாம். பெண்ணுக்கோ ஐம்பதாவது படியே எல்லை. சராசரியில் ஆண்களின் தசை வலிமை கூடியது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரி, அக்கூட்டத்திலுள்ள ஒருத்தியின் எல்லையாகாது. பறவைநாகங்கள் பறக்கும் கற்பனை உலகிற்கூட ஒரு பெண்ணுக்கு எல்லைக்கோடு போடத் தோன்றியிருக்கிறதே என்று நான் வியந்தேன். 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதி நீக்கப்பட்டது.

எண்களைத் தாயக்கட்டை மட்டும் தருவதில்லை, விதியை எழுதுபவரின் எண்ணமும் தருகிறது என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது. "இவளுக்குக் கணக்கு வராது", "பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்பனவும் யாரோ எழுதிய விதிகள்தாம். பெற்றோரே, பிள்ளையின் புள்ளியைப் பார்க்கும்போது அவளது பயிற்சியையும் சேர்த்துப் பாருங்கள். சகோதரிகளே, இவ்விளையாட்டை ஆடுவோர் தம் பாத்திரத்தின் புள்ளிகளைப் பெரும்பாலும் பென்சிலாலேயே எழுதுகிறார்கள். அவை மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். நமது புள்ளிகளையும் நாம் அப்படியே எழுதிக்கொள்வோம்.