மருந்தும் தீவனமும் ஒரே வண்டியிலா? பிக்கப்பில் பண்ணைச் சாமான்களைப் பத்திரமாகக் கொண்டுபோகும் வழிகள்

மாட்டு வண்டி நின்ற இடத்தில் இன்று ‘குட்டி யானை’ நிற்கிறது, அல்லது பிக்கப் நிற்கிறது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் ஒரு போன் செய்தால் வாடகை வண்டி வந்துவிடுகிறது. காலையில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிற வண்டி, திரும்பும்போது உர மூட்டை, பூச்சிமருந்து, மாட்டுத்தீவனம் எல்லாவற்றையும் சுமந்து வருகிறது. மறுநாள் அதே வண்டியில் விசைத்தெளிப்பான், பெட்ரோல் கேன், மண்வெட்டி, அரிவாள், அவற்றுக்கு நடுவே கூலி ஆட்கள்.

வயலில் மருந்தடிக்கும்போது முகக்கவசம் போடச் சொல்கிறோம், கையுறை போடச் சொல்கிறோம். கடையிலிருந்து வயல்வரை அந்த மருந்து எப்படி வருகிறது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒரே வண்டியில் பல பொருட்கள் வருவதைத் தவிர்க்க முடியாது. ஆனால், அவை ஒன்றோடொன்று கலக்காமலும் ஓடும் வண்டியில் இடம் பெயராமலும் பார்த்துக்கொள்ள முடியும்.

சட்டம் பிறந்த கதை

1958-ம் ஆண்டு கேரளாவில் கோதுமை மாவில் செய்த உணவைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவுப்பொருளும் ‘பாரத்தியான்’ என்ற பூச்சிக்கொல்லியும் ஒன்றாக ஏற்றிவரப்பட்டபோது, மருந்து கசிந்து மாவில் கலந்திருந்தது. இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இந்தத் துயரமும் ஒரு காரணம். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் வந்தன.

உணவுப்பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரடியாகத் தொடும்படி பூச்சிக்கொல்லியைக் கொண்டுசெல்லவோ, இருப்பு வைக்கவோ கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. வழியில் மருந்து கசிந்தால், விஷம் பரவாமலும் மண், தண்ணீர் கெடாமலும் உடனே நடவடிக்கை எடுப்பது கொண்டுசெல்பவரின் பொறுப்பு. கப்பலுக்கும் லாரிக்கும் உள்ள ஆபத்து குட்டி யானைக்கும் உண்டு. தவிட்டு மூட்டையின் மேல் வைத்த ஒரு லிட்டர் மருந்து பாட்டிலின் மூடி சற்றுத் தளர்ந்தாலும் போதும். சாக்கில் ஊறிக் காய்ந்த மருந்து கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தவிட்டைத் தின்னும் மாட்டுக்கும் தெரியாது.

மருந்துக்குத் தனிப் பெட்டி

மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டியோ பழைய இரும்பு டிரங்குப் பெட்டியோ ஒன்றை மருந்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பினால், கசிவு ஏற்பட்டாலும் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். பாட்டில்களை நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் அட்டைத் துண்டுகளைச் செருகுங்கள். தூள் மருந்துப் பொட்டலங்களைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். இந்தப் பெட்டியைப் பிறகு வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

‘கண் முன்னால் இருந்தால் பத்திரம்’ என்று மருந்துப் பையை ஓட்டுநர் காலடியில் வைப்பவர்கள் உண்டு. இது தவறு. கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் கசிந்தால், ஓட்டுபவர்தான் அந்த ஆவியைச் சுவாசிக்க வேண்டும். மருந்துப் பெட்டியின் இடம் பின்பக்கத் தொட்டிதான். அதுவும் நேரடி வெயில் படாமல், பூட்டு போட்டு இருக்க வேண்டும். டீக்கடையில் வண்டியை நிறுத்தும் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தையின் கை அதில் படலாம்.

லேபிளில் உள்ள முக்கோண நிறத்தை ஏற்றும்போதே பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்பதால் தீவனத்தோடு வைக்கலாம் என்று பொருளல்ல.

களைக்கொல்லியில் இன்னொரு சிக்கல் உண்டு. 2,4-டி எஸ்டர் வகை எளிதில் ஆவியாகும். தக்காளி, பருத்தி, திராட்சை போன்றவை அந்த ஆவிக்கே இலை சுருண்டு பாதிக்கப்படும். தார்ப்பாய் மூடிய வண்டியில் களைக்கொல்லியையும் குழித்தட்டு நாற்றுகளையும் சேர்த்து ஏற்றிவிட்டு, ‘நாற்று சரியில்லை’ என்று நாற்றங்கால்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டையும் இரண்டு நடையாகக் கொண்டுவருவதே நல்லது.

பெட்ரோலுக்குத் தண்ணீர் பாட்டில் ஆகாது

விசைத்தெளிப்பானுக்கும் புல்வெட்டும் கருவிக்கும் பெட்ரோல் தேவை. பலர் அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் வாங்கி வருகிறார்கள். விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை என்கிறது 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். ஆனால், இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலனில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர், உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. மெல்லிய தண்ணீர் பாட்டிலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். பக்கத்தில் ஒரு பீடி நெருப்பு விழுந்தால் போதும்.

தெளிப்பானும் வெட்டுக் கருவிகளும்

16 லிட்டர் தெளிப்பானை மருந்துக் கலவையோடு நிரப்பி ஏற்றக் கூடாது. காலியாகக் கொண்டுபோய் வயலில் கலந்துகொள்ளுங்கள். விசைத்தெளிப்பானின் எஞ்சின் ஆறிய பிறகு, பெட்ரோல் குழாயை மூடி, நிமிர்ந்த நிலையில் கட்டுங்கள். பேட்டரித் தெளிப்பானில் சுவிட்சை அணைத்து, தெளிப்புக் குழலைத் தனியே கழற்றி வையுங்கள். வேலை முடிந்து திரும்பும்போதும், வயலிலேயே கழுவிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

அரிவாள், கோடாரியின் வாய்ப்பகுதிக்குப் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிட்டால் நல்ல உறை கிடைக்கும். சைக்கிள் டியூப் சுற்றினாலும் போதும். உறை போட்ட கருவிகளை ஒரு சாக்கில் சுருட்டி, வாய்ப்பகுதி கேபின் பக்கம் இருக்கும்படி தொட்டியின் ஓரத்தில் கட்டுங்கள்.

கட்டும் முறை

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, தொட்டியில் கிடக்கும் கடப்பாரையும் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் வண்டியைத்தான் நிறுத்தும். கட்டாத கடப்பாரை அதே வேகத்தில் கேபினின் பின்கண்ணாடியை நோக்கிப் பாயும்.

பாரம் கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. முன்பக்கமாகப் பாயாமல் தடுக்க, பொருளின் முழு எடையையும் தாங்கும் பலம் வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமும் நகராமல் இருக்க, பாதி எடையைத் தாங்கும் பலம் வேண்டும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டைகள் இரண்டு என்றால், முன்பக்கம் 100 கிலோ, பக்கங்களில் 50 கிலோ. எனவே, கனமானதைக் கேபின் சுவரை ஒட்டி, இடைவெளி இல்லாமல், தாழ்வாக அடுக்குங்கள். அந்தச் சுவரே பாதி வேலையைச் செய்துவிடும். இலகுவானவை அதன் பின்னால், அதன் மேல் வரட்டும்.

பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்மை ஏற்றாதீர்கள். 200 லிட்டர் டிரம்மில் 100 லிட்டர் இருந்தால், வளைவில் அந்த 100 கிலோவும் ஒரு பக்கமாகச் சாயும். ஒன்று நிரப்பி இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோங்கள்.

நைலான் கயிறு இழுத்தால் நீளும். வெயிலில் கிடந்து நார் பிரிந்த கயிற்றை நம்பவே கூடாது. விசையால் இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்கி வைப்பது ஒருமுறைச் செலவுதான். பெல்ட்டைத் தொட்டியின் கொக்கியில் மாட்டுங்கள். மெல்லிய தகட்டு விளிம்பில் மாட்டினால், அறுந்துபோகும். புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். குலுங்கலில் மூட்டைகள் படிந்து, கட்டு தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்க வேண்டும்.

20 அடி பி.வி.சி. குழாய்களைக் குட்டி யானையில் ஏற்றினால் பாதிக்கு மேல் வெளியேதான் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் ஆண்டு திருத்தப்படி, அனுமதித்த அளவுக்கு வெளியே பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். கூடவே அந்தப் பாரத்தை இறக்கவும் வேண்டும். இருட்டில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்குக் குழாய் முனை தெரியாது. நீளமான பொருட்களுக்கு நீளமான வண்டியையே பிடியுங்கள்.

ஆட்களை ஏற்றலாமா?

நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களைத் தொட்டியில் ஏற்றிப் போவது கிராமங்களில் அன்றாடக் காட்சி. சரக்கு வாகனம் ஆள் ஏற்றுவதற்கானது அல்ல. சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு பயணிப்பதைச் சட்டம் ஏற்கிறது. மற்றபடி சும்மா ஏறி வருபவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில் விழும். அவரால் கொடுக்க முடியாவிட்டால், அந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். மருந்துப் பெட்டி, பெட்ரோல் கேன், அரிவாள் உள்ள தொட்டியில் ஆட்களை உட்கார வைப்பது இதைவிட மோசம். ஆட்களுக்குத் தனியாக ஷேர் ஆட்டோவோ வேனோ ஏற்பாடு செய்வதையும் கூலிச் செலவின் ஒரு பங்காகவே கணக்கில் எழுதுங்கள்.

சிந்திவிட்டால்…

- வண்டியை வீடு, கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி நிறுத்துங்கள். மற்றவர்களை விலகச் சொல்லுங்கள்.
- கையுறை போட்டுக்கொண்டு, மணலோ உலர்ந்த மண்ணோ தூவி ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். தண்ணீர் ஊற்றி வாய்க்காலில் தள்ளிவிடக் கூடாது.
- அந்த மண்ணை அள்ளி, நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.
- மருந்து பட்ட தீவனம், தானியம் எதுவானாலும் கால்நடைக்கும் கோழிக்கும் போடாதீர்கள். விலை உயர்ந்ததாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.
- உடம்பில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, பார்வை மங்கல் தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் லேபிளையும் உள்ளிருக்கும் துண்டுப்பிரசுரத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசகர் கேள்விகள்

மீதியான மருந்தைச் சிறிய பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கூடவே கூடாது. குளிர்பான பாட்டில், மது பாட்டில் எதுவானாலும் பார்ப்பவர் குடிக்கும் பொருள் என்றே நினைப்பார். மருந்து எப்போதும் லேபிளோடு அதன் சொந்த பாட்டிலிலேயே இருக்க வேண்டும்.

வாடகை வண்டியில் முன்பு மருந்து ஏற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏற்றுவதற்கு முன்பு ஓட்டுநரிடம் கேளுங்கள். தொட்டியில் மருந்து வாடை அடித்தாலோ கறை தெரிந்தாலோ தீவனம், நெல், காய்கறி ஏற்றாதீர்கள். வாடை இல்லாவிட்டாலும் சொந்தத் தார்ப்பாய் விரித்து ஏற்றுவது நல்ல பழக்கம். மரப்பலகை போட்ட தொட்டியில் ஊறிய மருந்து, கழுவினாலும் எளிதில் போகாது.

வயலில் நிறுத்தும் வண்டியிலிருந்து தெளிப்பான், மோட்டார் திருடு போகிறது. என்ன செய்யலாம்?

கைப்பிடி வழியாகச் சங்கிலி கோத்து, தொட்டியின் கொக்கியோடு பூட்டுங்கள். கருவியின் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது அது உதவும்.

மருந்து, உரம் குறித்த சந்தேகங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.