படைப்புழுவைப் படம் பிடியுங்கள்

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்ணில்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்த மானாவாரிப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளுக்கு வந்துவிட்டது. புரட்டாசி மழையை நம்பிக் கரிசலில் போட்ட விதை முளைத்து எழும்பிய நேரத்தில் குருத்துகள் கந்தலாயின.

இப்போது பயிரில் ஏதாவது கண்டால் விவசாயி உடனே கைபேசியில் படம் எடுக்கிறார். அந்தப் படத்தில் இருப்பது வெறும் சேதம் மட்டுமல்ல. தலையில் தலைகீழ் 'ஒய்' குறியும் வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இலையின் பச்சை சுரண்டப்பட்டு வெள்ளைத் திட்டாக இருந்தால், அது இளம்புழு மேய்ந்த இடம். குருத்துக்குள் ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்திருந்தால், வளர்ந்த புழு உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் ஒரு குருத்துக்கு ஒன்றுதான். தன் இனத்தையே தின்னும் புழு அது.

மக்கள் தம் போக்கில் இணையத்தில் ஏற்றும் படங்களையும் காணொளிகளையும் கொண்டு உயிரினங்களின் நடத்தையைப் படிப்பது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் குடியேறிய வட அமெரிக்கச் சாம்பல் அணிலையும் அந்த மண்ணுக்கே உரிய சிவப்பு அணிலையும் யூடியூப் காணொளிகளை வைத்தே ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. படைப்புழுவுக்காக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018இலேயே ஒரு செயலி வெளியிட்டது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடங்களில் செடிகளைப் பார்த்து, தாக்கியவை எத்தனை என்று பதிய வேண்டும். பல ஊர்ப் பதிவுகள் சேரும்போது புழு எப்போது, எந்த வயதுப் பயிரில் இறங்குகிறது என்பது வரைபடத்தில் தெரியும்.

இதில் கவனம் வேண்டும். படம் வராத ஊரில் புழு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே டவர் கிடைக்காமல் இருக்கலாம். இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி பறப்பதும் முட்டையிடுவதும் இரவில். நாம் படமெடுப்பதோ பகலில். எனக்குப் பெரிய ஆதங்கம் வேறு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், எடுத்த இடமும் நேரமும் அதிலிருந்து நீங்கிவிடுகின்றன. எவ்வளவோ நல்ல சான்றுகள் அப்படியே வீணாகின்றன. ஊர்ப்பெயர், தேதி, பயிரின் வயது மூன்றையும் கீழே ஒரு வரியாக எழுதி அனுப்புங்கள்.

இலையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் எடுங்கள். பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். அதற்குள் படம் வந்தால் பக்கத்து வயல்காரர் முட்டையை நசுக்கி அழிக்க நேரம் கிடைக்கும்.