காலிப் பாட்டிலுக்கு விலை வைத்தால் வயல் பிழைக்கும்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். நாற்றங்காலுக்குச் சேறடிக்க இறங்கினேன். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. நான்கு தையல். பதினைந்து நாள் வேலை கெட்டது. ரோட்டோர வயல் என்பதால், ராத்திரி வரப்பில் உட்கார்ந்து குடிப்பவர்கள் பாட்டிலை உள்ளே வீசிவிட்டுப் போகிறார்கள். எனக்காவது தையல் போட்டார்கள். மாட்டுக் குளம்பில் ஏறியிருந்தால்?

காலை ஊன்ற முடியாமல் திண்ணையில் கிடந்தபோது, ஊருக்குள் வரும் பழைய இரும்புக்காரரிடம் கேட்டேன்: "ஏண்ணே, இரும்பு, அட்டை, பால் கவர் எல்லாம் எடுக்குறீங்க. இந்தப் பாட்டிலை மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

"கனம் ஜாஸ்தி, காசு கம்மி தம்பி. உடைஞ்சா கையைக் கிழிக்கும். சொட்டுநீர் பைப்பு இருந்தா குடுங்க, இப்பவே எடுத்துக்கறேன். மல்ச்சிங் ஷீட் மட்டும் வேண்டாம். பாதி எடை மண்ணுதான் இருக்கும்."

அவர் சொன்னதுதான் விஷயம். ஒரு நாட்டில் மறுசுழற்சி நடப்பதும் நடக்காததும் விழிப்புணர்வுப் பலகையால் மட்டும் அல்ல. காலிப் பொருளுக்கு விலை இருக்கிறதா, திருப்பிக் கொடுக்க இடம் இருக்கிறதா என்பதால்தான். இரும்புத் துண்டு ரோட்டில் ஒருநாள்கூடக் கிடப்பதில்லை. நொறுக்குத்தீனி பாக்கெட் வருடக்கணக்கில் வாய்க்காலில் கிடக்கிறது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய உறை அது. பிரிப்பது கஷ்டம், அதனால் வாங்க ஆளில்லை.

விலை இல்லாத பொருளுக்கு விலையை உண்டாக்கவும் முடியும். நீலகிரியில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். லட்சக்கணக்கான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. குடித்தவர் வீசினாலும், 10 ரூபாய்க்காக இன்னொருவர் குனிந்து எடுப்பார். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. அங்கே பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைக்கே திரும்புகின்றன.

திட்டம் வந்தால் மட்டும் போதாது. காலிப் பாட்டிலை அடுக்க இடமும் ஆளும் வேண்டும் என்று கடை ஊழியர்கள் கேட்பது நியாயம். அதைக் கொடுக்காவிட்டால் பாட்டில் மறுபடி நம்ம வயலுக்குத்தான் வரும்.

நம் பங்கும் இருக்கிறது. மல்ச்சிங் ஷீட்டை விரித்துவிட்டு, கிழிந்ததும் வரப்பில் போட்டுக் கொளுத்துகிறோம். அந்தப் புகையை நாம்தானே சுவாசிக்கிறோம்? வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை மட்டை என்று மூடாக்குக்கு நம்மிடம் இல்லாததா? மட்கி மண்ணுக்கே உரமாகும். அதற்கு எந்த வண்டிக்காரரும் வரவேண்டியதில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். நம்ம ஊர்ப் பக்கத்துக் கடையில் காலிப் பாட்டிலை ஒழுங்காகத் திருப்பி வாங்குகிறார்களா? மல்ச்சிங் ஷீட் விற்றவர்கள் பழையதைத் திரும்ப எடுக்க என்ன ஏற்பாடு?

தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.